காலிக் கல்லில் ஒரு பித்தளைக் கணக்கு

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



சீனத்துப் பழைய வெண்கல, பித்தளை வேலைப்பாடுகளைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டபோது, முகத்துவாரத்துக்கும் சீனத்துப் பித்தளைக்கும் என்ன உறவு என்று எங்களுக்குள்ளேயே ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். சீனம் என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவு வருவது துணிப்பொதி சுமந்து வீடுவீடாக வந்த சீனாக்காரர். இளையவர்களுக்கு நினைவு வருவது துறைமுகத்தில் அடுக்கடுக்காக நிற்கும் கொள்கலன்கள். இந்த இரண்டுக்கும் வெகுகாலம் முந்தி, 600 ஆண்டுகளுக்கு முன், இந்தத் தீவுக்கென்று அனுப்பப்பட்ட சீன வெண்கலத்துக்கும் பித்தளைக்கும் எழுத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. எத்தனை தூபக்கால், எத்தனை சோடி பூச்சாடி, எத்தனை விளக்கு என்று எண்ணி எழுதிய கணக்கு. அதை எழுதிய மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. அந்தக் கணக்கு இங்கிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்தில், கறுவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலையில் நிற்கிறது. நாங்கள் ஆறு பேரும் மாணவிகளாக இருந்த காலத்தில் கல்விச் சுற்றுலா போய் அரசர்களின் சிம்மாசனத்தையும் திமிங்கில எலும்பையும் பார்த்துவிட்டு, இந்தக் கல்லைத் தாண்டி நடந்தவர்கள்.

காலி மும்மொழிக் கல்வெட்டு என்று அதற்குப் பெயர். 1911ஆம் ஆண்டு காலியில் கிரிப்ஸ் வீதிக்கு அருகே, டொமாலின் என்ற பொறியியலாளர் அதைக் கண்டெடுத்தார். அப்போது அது ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்தது. எழுத்துள்ள முகம் கீழே கவிழ்ந்திருந்தபடியால் வண்டிச் சக்கரங்கள் எழுத்தைத் தேய்க்கவில்லை. ஏறக்குறைய 145 சென்ரிமீற்றர் உயரம், 76 சென்ரிமீற்றர் அகலம், ஐந்து அங்குலக் கனம். வளைந்த உச்சியில் இரண்டு சீன நாகங்கள் எதிரெதிராக நிற்கின்றன. வலப்பக்கத்தில் சீனம், இடப்பக்கத்தில் மேலே தமிழ், அதன் கீழே பாரசீகம். மிங் வம்சத்து யொங்லே பேரரசரின் ஆட்சியில், 1409 பெப்ரவரி 15க்குச் சரியான சீன நாளைக் குறித்து நான்கிங் நகரில் வெட்டப்பட்டு, கடற்தளபதி செங் ஹேயின் கப்பலில் இங்கு வந்த கல் இது. யாரோ ஒரு தமிழறிந்தவர் 1409இல் நான்கிங்கில் இருந்து இந்த வரிகளை எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று நினைக்கும்போது எங்களுக்கு வியப்பாக இருந்தது. ஆனால் தமிழ் அப்போது இந்துமாக்கடலின் வணிக மொழிகளுள் ஒன்று. சீனத்துச் சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்றே கிடைத்திருக்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். மூன்று பகுதிகளும் ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று என்று சொல்ல முடியாதவை. கொடை பெறுபவர் ஒவ்வொரு மொழியிலும் வேறு. சீனத்தில் புத்த பகவான். தமிழில், தெற்குக் கரையில் தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தேனவரை நாயனார். பாரசீகத்தில் இஸ்லாத்தின் இறைவன். கொடையோ ஏறக்குறைய ஒரே கொடை. நன்றாக எஞ்சியிருப்பது சீனப் பகுதி, அதன்படி சொல்கிறோம். பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பல நிறப் பட்டு, பொன்னிழை நெய்த கொடிகள் நான்கு சோடி. அதன் பிறகு உலோகம் வருகிறது. பழவெண்கலத் தூபக்கால் ஐந்து, தாங்கியோடு. பழவெண்கலப் பூச்சாடி ஐந்து சோடி, தாங்கியோடு. மஞ்சள் பித்தளையில் மெழுகுதிரித் தண்டு ஐந்து சோடி, தாங்கியோடு. மஞ்சள் பித்தளை விளக்கு ஐந்து, தாங்கியோடு. பிறகு செவ்வரக்குச் சாம்பிராணிப் பெட்டி ஐந்து, பொற்றாமரை ஆறு சோடி, வாசனை எண்ணெய் 2,500 கட்டி, மெழுகுதிரி, சந்தனம். ஒரு கட்டி 600 கிராமுக்குச் சற்றுக் குறைவு என்று கொண்டால் எண்ணெய் மட்டும் ஏறக்குறைய 1,500 கிலோ.

தாங்கி என்றது சாதாரண மரப்பலகை இல்லை. அரக்குப் பூசி, அந்த அரக்கில் ஊசியால் கோலம் கீறி, கீறலுக்குள் பொன் நிரப்பியவை. ஒவ்வொரு பொருளுக்கும் தாங்கி சேர்ந்திருக்கிறது என்பதை எழுதியவர் மறக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போகிறார். சீதனப் பட்டியல் எழுதிப் பழகிய நமக்கு அந்த எச்சரிக்கை விளங்கும்.

எண்களைக் கூட்டிப் பார்த்தபோது எங்களுக்கு ஒன்று புலப்பட்டது. தூபக்கால் ஐந்து, பூச்சாடி பத்து, திரித்தண்டு பத்து. சீனர்களின் வழிபாட்டு மேசையில் நடுவே ஒரு தூபக்கால், அதன் இருபுறமும் இரண்டு திரித்தண்டு, இரண்டு பூச்சாடி என்று ஐந்து பொருள்கள் வரிசையாக இருக்கும். ஐந்து காணிக்கை என்று அந்தத் தொகுதிக்குப் பெயர். ஆகவே கல்லில் உள்ளது சிதறலான அன்பளிப்புப் பட்டியல் இல்லை. ஐந்து பீடங்களுக்குக் குறைவில்லாத ஐந்து முழுத் தொகுதிகள். அதே 1409ஆம் ஆண்டில்தான் யொங்லே பேரரசர் பீஜிங்குக்கு வடக்கே தமக்கான கல்லறையைக் கட்டத் தொடங்கினார். அந்தக் கல்லறை முற்றத்திலும் இதே ஐந்து பொருள்கள், அங்கே கல்லிலேயே செதுக்கி, மேசைமேல் நிற்கின்றன. தம் கல்லறைக்கு வைத்த அதே வரிசைதான் தெவிநுவரைக்கும் வந்தது.

ஆனால் தேனவரை நாயனார் கோயிலில் இந்தப் பூச்சாடியை எங்கே வைத்திருப்பார்கள்? நம் கோயில்களில் பூவை மாலையாகச் சாத்துவோம், உதிரியாக அர்ச்சிப்போம். சாடியில் நட்டு வைப்பதில்லை. மெழுகுதிரியும் நம் கர்ப்பக்கிருகத்துக்குப் பழக்கமில்லாதது. எண்ணெயும் சந்தனமும் தூபக்காலும் வாசலிலேயே வரவேற்புப் பெற்றிருக்கும். சாடியும் திரித்தண்டும் சற்றுத் தயங்கித்தான் உள்ளே போயிருக்கும். எங்களோடு வந்த கத்தோலிக்கத் தோழி ஒருத்தி இதைக் கேட்டுச் சிரித்தாள். "ஏன், கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பீடத்தைப் பார்க்கேல்லையா? நடுவில் சிலுவை, இரண்டு பக்கமும் பித்தளைத் திரித்தண்டு, பூச்சாடி. அதே அடுக்குத்தானே" என்றாள். உண்மைதான். கொட்டாஞ்சேனையில் பத்து நிமிடம் நடந்தால் கோயில், தேவாலயம், விகாரை, பள்ளிவாசல் எல்லாவற்றையும் கடந்துவிடலாம். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் விளக்கும் வாசனைப் புகையும் உண்டு. மூன்று சமயத்துக்கும் ஒரே பட்டியலை எழுதியவர்கள் கணக்கில் முற்றாகத் தவறிவிடவில்லை.

பட்டியலில் இரண்டு உலோகங்கள் வருவதைக் கவனித்திருப்பீர்கள். செம்பும் ஈயத்தைப் போன்ற வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம். செம்பும் நாகமும் சேர்ந்தால் பித்தளை. சீனர் வெண்கலத்தைப் பச்சைச் செம்பு என்றும் பித்தளையை மஞ்சள் செம்பு என்றும் நிறத்தால் அழைக்கிறார்கள். நாமும் நிறத்தால்தான் பெயரிட்டோம்: சிவந்தது செம்பு, வெளிறியது வெண்கலம். ஒரே பொருளை அவர்கள் பச்சை என்கிறார்கள், நாம் வெள்ளை என்கிறோம். அவர்கள் பார்த்தது மண்ணுக்குள் கிடந்து களிம்பேறிய முகத்தை. நாம் பார்த்தது புளி போட்டுத் தேய்த்த முகத்தை. இது எங்கள் ஊகம்தான், ஆனாலும் பிடித்துப்போய்விட்டது.

வெண்கலம் சீனத்தில் மிகப் பழையது. 3,000 ஆண்டுகளுக்கு முந்திய ஷாங் காலத்தில் முன்னோருக்குப் படையல் வைக்கும் பாத்திரங்களை அதில் வார்த்தார்கள். 1939இல் அன்யாங்கில் தோண்டியெடுத்த நாற்கால் பாத்திரம் ஒன்று 832 கிலோ நிறையுடையது. வார்க்கும் முறையும் நம்முடையதிலிருந்து வேறு. நம் தென்னாட்டுச் சிற்பிகள் மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசிச் சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றினார்கள். அதே நூதனசாலையில் உள்ள பொலன்னறுவை நடராசர் அந்த வகை. ஷாங் காலத்துச் சீனர் களிமண்ணில் உருவம் செய்து, அதன்மேல் வேறு களிமண்ணை அழுத்தி, துண்டு துண்டாக வெட்டியெடுத்து, மீண்டும் பொருத்தி அச்சாக்கினார்கள். மெழுகு முறையையும் அவர்கள் பிற்பாடு நன்றாகவே கையாண்டார்கள். ஆனால் அந்தப் பழைய பாத்திரங்களின் விளிம்பில் செங்குத்தாக ஓடும் வரம்பு, அச்சுத் துண்டுகள் சந்தித்த இடத்தின் ஞாபகம்.

பித்தளை இதோடு ஒப்பிட்டால் இளையது. நாகம் 907 பாகையிலேயே ஆவியாகிவிடும். செம்பு உருகுவதோ 1,085 பாகையில். இரண்டையும் திறந்த பாத்திரத்தில் போட்டு உருக்க முயன்றால் நாகம் புகையாய்ப் போய்விடும். அதனால் நாகத் தாதுவையும் கரியையும் செம்புத் துண்டுகளையும் மூசையில் அடைத்துச் சுட்டு, ஆவியைச் செம்பு உறிஞ்சும்படி செய்தார்கள். நாகத்தைத் தனியே பிரித்தெடுக்கும் வித்தையில் இராஜஸ்தானத்துச் சாவர் சுரங்கங்கள் சீனத்துக்கு முந்தியவை. ஆகவே 1409இல் பழவெண்கலத் தூபக்காலின் பக்கத்தில் மஞ்சள் பித்தளை விளக்கை வைத்தது, பாட்டியின் அட்டியலோடு புதுச் சங்கிலியையும் சேர்த்துப் போட்டதைப் போல இருந்திருக்கும்.

பழவெண்கலம் என்ற சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. உண்மையிலேயே பழைய பாத்திரமா, பழைய பாணியில் புதிதாய் வார்த்ததா? சீனத்தில் பழமைக்கு அப்போதே பெரிய மதிப்பு. 12ஆம் நூற்றாண்டில் ஹுய்சொங் பேரரசர் தம் சேகரிப்பிலிருந்த 839 வெண்கலங்களைப் படம் வரைந்து 30 பகுதிகளில் பட்டியலிடச் செய்தார். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பிற்காலத்தவர் பழைய வடிவங்களைப் புதிதாக வார்த்தார்கள். காலிக் கல்லுக்கு 21 ஆண்டுகள் முந்தி, 1388இல், சாவ் ஜாவ் என்பவர் பழம்பொருள் பற்றி எழுதிய நூல் களிம்பின் நிறத்தை வைத்துத் தரம் பிரிக்கிறது. மண்ணுக்குள் ஆயிரம் ஆண்டு இருந்தால் நீலப்பச்சை, தண்ணீருக்குள் இருந்தால் தர்ப்பூசணித் தோலின் பச்சை, கைமாறிக் கைமாறி வந்தால் ஊதா கலந்த கபிலம். போலி செய்பவர்களைப் பற்றியும் அவர் எச்சரிக்கிறார். ஐந்தைந்தாக, சோடி சோடியாக, தாங்கியோடு அனுப்பியதைப் பார்த்தால் இவை பழைய பாணியில் புதிதாகச் செய்தவையே என்று நாங்கள் நினைக்கிறோம். அதனால் மதிப்புக் குறைந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை.

கொடை வந்ததோடு கதை முடியவில்லை. விரைவிலேயே செங் ஹேயின் படைக்கும் இங்கிருந்த அழகக்கோனாருக்கும் போர் மூண்டது. அரசனைச் சிறைபிடித்து 1411இல் சீனத்துக்குக் கொண்டுபோனார்கள். தூபக்கால் கொண்டுவந்த கப்பல்கள் ஆட்களையும் ஆயுதங்களையும் கொண்டுவந்தன என்பதை மறந்துவிட்டு இந்தக் கல்லை வெறும் நல்லிணக்கச் சின்னமாகப் பேசுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. தெவிநுவரைக் கோயிலை 1588இல் தோமே டி சூசா என்ற போர்த்துக்கேயத் தளபதி கொள்ளையிட்டு இடித்தார். உலோகத்துக்கு உள்ள சாபம் அது: எடுத்துப் போகலாம், நிறுத்து விற்கலாம், உருக்கலாம். இருபத்தைந்து பாத்திரங்களும் ஐந்து விளக்குகளும் இன்று நம் கண்முன் இருப்பது கல்லில் எழுதிய எண்களாக மட்டும்தான்.

இந்த இடத்தில் எங்களுள் ஒருத்தியின் அம்மாவைப் பற்றிச் சொல்ல அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம். 1983 ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையில் அவர்கள் வீடு எரிந்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதிகளாக இருந்துவிட்டு, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். பிறகு நட்டஈட்டுக்காக ஒரு படிவம் வந்தது, இழந்த பொருள்களை எழுதச் சொல்லி. கட்டில், அலுமாரி, வானொலிப்பெட்டி எல்லாவற்றையும் நாலு வரியில் எழுதி முடித்த அம்மா, "பாத்திரங்கள்" என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். படிவத்தில் அதற்கு ஒரே வரி. மகளின் கணக்குக் கொப்பியை வாங்கி நடுத்தாளைக் கிழித்து எழுதத் தொடங்கினார்.

குத்துவிளக்கு ஒரு சோடி, அன்னமுடியோடு. தூண்டாமணி விளக்கு ஒன்று, சங்கிலியோடு. மூக்குப்பேணி ஆறு. வட்டா ஒன்று, கால் சற்று நெளிந்தது. செம்பு எட்டு, இரண்டு மாமியுடையவை. படிக்கம் ஒன்று. பன்னீர்ச்செம்பு ஒன்று. தூபக்கால் ஒன்று, மரப்பிடியோடு. தாம்பாளம் பெரியது ஒன்று, சிறியது மூன்று. சருவக்குடம் இரண்டு.

இப்படி இரண்டு பக்கம். படிவத்தோடு அதையும் இணைத்து அனுப்பினார். இணைப்பு தேவையில்லை என்று திரும்பி வந்துவிட்டது. திரும்பி வந்தபடியால்தான் அது இன்றைக்கும் அவளிடம் இருக்கிறது. முடியோடு, சங்கிலியோடு, பிடியோடு என்று அம்மா எழுதியதையும், தாங்கியோடு, தாங்கியோடு என்று நான்கிங் கணக்கர் எழுதியதையும் அடுத்தடுத்து வாசித்தபோது எங்களில் யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

அதனால் இன்றைய பேச்சோடு ஒரு வேண்டுகோளும் வைக்கிறோம். சங்கத்தின் பெயரில் ஒரு பெரிய கொப்பி வாங்கிக் கல்லூரி நூலகத்தில் வைத்திருக்கிறோம். அதில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பித்தளை, வெண்கலச் சாமான்களை எழுத வேண்டும். சீனத்துச் சாமான் என்றில்லை, எதுவானாலும் சரி. உங்கள் வீட்டில் அதற்கு வழங்கும் பெயரையே எழுதுங்கள். ஒருவருக்குத் தாச்சி, மற்றவருக்குச் சீனச்சட்டி, இரண்டும் வரட்டும். எத்தனை, சோடியா தனியா, உயரம், நிறை, யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து, இவ்வளவு போதும். இப்போது வீட்டில் இல்லாதவற்றையும் எழுதலாம். விற்றது, களவு போனது, எரிந்தது எல்லாவற்றுக்கும் பின்பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். போத்தல் பேப்பர்காரரிடம் நிறுத்துக் கொடுப்பதற்கு முன் ஒருமுறையாவது படம் எடுத்துவையுங்கள்.

எது எதென்று தெரியாவிட்டால் சில சோதனைகள் உண்டு. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம்தான். விரலால் சுண்டினால் வெண்கலம் நீண்டு ஒலிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கும். யாருடைய வீட்டிலாவது அடியில் ஆறு சீன எழுத்துப் பொறித்த தூபக்கால் இருந்தால், அது 15ஆம் நூற்றாண்டுச் சுவாந்தே பேரரசரின் முத்திரை என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். அந்தப் பேரரசர் காலத்துத் தூபக்கால்கள் அவ்வளவு புகழ்பெற்றவை. அதனாலேயே பின்வந்த நூற்றாண்டுகளில் செய்தவர்களும் அதே முத்திரையைப் போட்டார்கள். இன்று காணக் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை அப்படி வந்தவை. அழகாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், விலையை நம்பாதீர்கள்.

துலக்குவது பற்றியும் கேட்டிருந்தார்கள். சாமி விளக்கை வெள்ளிக்கிழமை புளி போட்டுத் துலக்குவதை நிறுத்தச் சொல்ல எங்களுக்குத் துணிவில்லை, தேவையும் இல்லை. ஆனால் புளியை நெடுநேரம் ஊறவிட்டால் பித்தளையிலிருந்து நாகம் கரைந்து, செம்பு மட்டும் மேலே நின்று இளஞ்சிவப்பாகத் தெரியும். தேய்த்தவுடன் கழுவித் துடைத்துவிடுங்கள். பாவனையில் இல்லாத பழைய அலங்காரப் பொருளை, முக்கியமாகச் சீனத்து வெண்கலத்தை, தேய்க்கவே வேண்டாம். உலர்ந்த மெல்லிய துணி போதும். அந்தக் கபில நிறத்துக்குத்தான் சீனர் காசு கொடுத்தார்கள்.

கொப்பியின் முதல் பக்கத்தில் அந்த அம்மாவின் பட்டியலைப் பிரதி பண்ணியிருக்கிறோம். அதற்கு அடுத்த பக்கத்தை ரீச்சர்மாரில் ஒருவர் தொடங்கித் தரவேண்டும் என்பது எங்கள் ஆசை. நூதனசாலைக்குப் போகும் தங்கச்சிமார் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு ஒரு சிறு டோர்ச் கொண்டுபோங்கள். தமிழ்ப் பகுதி தேய்ந்திருக்கிறது. நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் பிடித்தால் எழுத்து ஒவ்வொன்றாக எழும்பி வரும்.